குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவர்களின் தேர்ச்சி 90 சதவீதம் என்கிறார்களே, பிறகு அவர்களுக்குத் தனிக் கவனம் எதற்கு?

ஏதோ துறைக் கூட்டத்தில் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த 90 பொய்யில்லை. ஆனால் அது தேர்வு எழுதியவர்களில் 90, சேர்ந்தவர்களில் அல்ல. 10 பேர் சேர்ந்து, நடுவில் 4 பேர் நின்று, மிச்சம் 6 பேரும் பாஸானால் தேர்ச்சி 100 சதவீதம். நின்ற நாலு பேர் அறிக்கை அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஏஐஎஸ்எச்இ எனும் மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புப் படிவத்தின் தேர்வு முடிவுப் பகுதியிலும் எழுதியவர், தேறியவர் கணக்குதான்.

நான் ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். துறையின் தேர்ச்சி அறிக்கை என் தலையில்தான் விழும். ஒரு வருடம் சேர்க்கைப் பதிவேட்டையும் ஹால் டிக்கெட் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகப் பார்த்தேன். விடுபட்டவர்களில் பெரும்பாலோர் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பையன்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களுடைய ஆப்சென்ட் எல்லாம் திங்களிலும் புதனிலும் விழுந்திருந்தது. ராமேசுவரம் விசைப்படகுகள் மீன்வளத் துறையிடம் டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கிக் கடலுக்குப் போகும் நாட்கள் அவை. போனவன் மறுநாள் காலைதான் கரைக்கு வருவான், அன்றைக்கும் முதல் இரண்டு பீரியட் போச்சு. கடைசியில் 75 சதவீத வருகை இல்லையென்று தேர்வுக்கு முன்பே வெளியே. அதில் ஒருவனுடைய அப்பா அப்போது இலங்கைச் சிறையில் இருந்தார். வீட்டுக்காக இவன் படகேறினான். அதுவரை ஒரு அரியர்கூட இல்லாத பையன். எங்கள் அறிக்கையில் அவன் தோற்றவனாகக்கூட இல்லை.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கோடைத் தேர்வு அதற்குள் வந்துவிடுகிறது, நவம்பர் தேர்வு வராது. நவம்பரில் இரண்டு மூன்று அரியர் வைத்த பையன் கோடையில் எல்லாத் தாளையும் எழுதிப் பாஸாவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் அவன் சுமாரான மாணவன், அவ்வளவுதான். எம்பிசி, பிசி முஸ்லிம், எஸ்சி என்று பிரித்துப் போடும் அட்டவணையில் கடலோரப் பிள்ளைகள் மூன்று இடத்தில் சிதறிப் போகிறார்கள். மீனவக் குடும்பம் என்று தனிக் கட்டம் கிடையாது.

'சும்மா மார்க் போடச் சொல்கிறீர்களா' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். இல்லை ஐயா, ஒழுங்காக எண்ணச் சொல்கிறேன். தலைகீழாகவும் தப்பு நடக்கிறது. வகுப்பில் எஸ்டி மாணவர் இரண்டே பேர், ஒருவர் தவறினால் தேர்ச்சி 50 சதவீதம் என்று துறையையே திட்டுகிறார்கள். அங்கே சதவீதமே போடக் கூடாது, ஆள் எண்ணிக்கையை எழுத வேண்டும்.

இந்த வேலையெல்லாம் மே மாதத்தில்தான் குவியும். எங்களுக்கு வருடத்தில் 11 மாதச் சம்பளம், மே மாதத்துக்குக் கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அறிக்கையைக் குறை சொல்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: மூன்று வருடத்துக்கு முன் முதலாமாண்டில் சேர்ந்த முதல் தலைமுறை மாணவர்களின் பட்டியலைக் கேளுங்கள். அதில் எத்தனை பேர் இப்போது டிகிரியோடு வெளியே வந்தார்கள் என்று எண்ணுங்கள். அதற்கப்புறம் அந்த 90-ஐப் பற்றிப் பேசலாம்.