எக்ஸ்11 போகிறது, வேலேண்ட் வருகிறது: சேலத்துக் கேள்விகள்

சேலம் பக்கம் லினக்ஸை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் கேட்டவை. பதில் என்னுடையது, சாய்வும் என்னுடையதே.

செவ்வாய்ப்பேட்டை டிடிபி கடைக்காரர்: புது உபுண்டு லினக்ஸ் போட்டதிலிருந்து, திரையில் எங்கே வைத்தாலும் நிறம் சொல்லும் என் பழைய கருவி வெறும் கறுப்பையே காட்டுகிறது. கெட்டுவிட்டதா அண்ணா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. லினக்ஸில் நிரல்களின் சன்னல்களைத் திரையில் காட்டும் அடித்தளமாக இருந்த எக்ஸ்11 போய் வேலேண்ட் வந்துவிட்டது. எக்ஸ் திறந்த வீடு, ஒரு நிரலில் நடப்பதை இன்னொன்று பார்க்கலாம். பழைய மெஷினில் டெர்மினலைத் திறந்து ‘எக்ஸ்இன்புட் டெஸ்ட்’ என்ற கட்டளையோடு கீபோர்டின் எண்ணைக் கொடுங்கள். அப்புறம் பிரவுசரில் போய் பாஸ்வேர்டு அடியுங்கள். ‘ஏ’ தட்டினால் டெர்மினலில் அந்த விசையின் எண் 38 என்று விழும். ரூட் (நிர்வாகி) அனுமதியும் கேட்காது, எச்சரிக்கவும் செய்யாது. வேலேண்டில் ஒரு நிரலின் சன்னல் இன்னொன்றுக்குத் தெரியாது. திரையைப் படம்பிடிக்க நினைத்தால் அனுமதி வாங்கித் தரும் போர்ட்டல் என்ற இடைவாசல் வழியாக உங்களிடம் கேட்டாக வேண்டும். உங்கள் கருவிக்கு அப்படிக் கேட்கத் தெரியாது, தெரிந்த வேறொன்றுக்கு மாறுங்கள். கையில் அவசர வேலையா? உபுண்டு 24.04 போட்டு, உள்நுழையும்போது மூலையிலுள்ள பல்சக்கரத்தில் சோர்க்கை (Xorg, எக்ஸ்11ஐ ஓட்டும் சர்வர்) தேர்ந்தெடுங்கள். அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு.

ஓமலூர் மாணவர்: அது என்ன 11? 12 எப்போது?

நிரலும் திரையைக் கவனிக்கும் சர்வரும் பேசிக்கொள்ளும் எக்ஸ் நெறிமுறையின் 11ஆம் பதிப்பு, தம்பி. எம்ஐடியில் 1984இல் தொடங்கி, 1987இலேயே பதினொன்றுக்கு வந்துவிட்டார்கள். அத்தோடு சரி. பிறகு எல்லாம் ஒட்டுப்போட்டதுதான்.

ஏற்காடு எஸ்டேட் கணக்கர்: சேலத்து மெஷினிலுள்ள நிரலை எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள் நுழையும் வழி) மூலம் இங்கே திறப்பேன். இனி முடியாதா?

முடியும். எக்ஸ் நிரல் என்றால், அதை வேலேண்டில் காட்டும் எக்ஸ்வேலேண்ட் பார்த்துக்கொள்ளும். வேலேண்ட் நிரலைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேபைப் என்ற கருவி இருக்கிறது. ஆனால் இப்போதே மெதுவாகத்தானே வருகிறது? எக்ஸ் நிரல்கள் பல தொட்டதற்கெல்லாம், உங்கள் ஏற்காட்டு மெஷினில் திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வரைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு கேள்வியும் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வர வேண்டாமா?

கொண்டலாம்பட்டி வாசகர்: எக்ஸைக் கொன்றுவிட்டார்களே!

வேலேண்டை 2008இல் தொடங்கிய கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க்கே எக்ஸில் வேலை பார்த்தவர்தான். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2016இல் மாறியது, உபுண்டு 25.10இல் குனோம் டெஸ்க்டாப்புக்கு எக்ஸ் அமர்வே கிடையாது. சோர்க்கிலிருந்து எக்ஸ்லிப்ரே என்று சிலர் 2025இல் கிளை பிரித்தார்கள். அதை நம்பி நான் கடை போட மாட்டேன். வேலேண்டில் எனக்கும் ஒரு குறை உண்டு. சோர்க் ஒன்றே எல்லா டெஸ்க்டாப்புக்கும் சோறு போட்டது. இப்போது குனோமுக்குத் தனி அடுப்பு, கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்குத் தனி அடுப்பு. கேடிஇயில் ஓடுகிற சின்னக் கருவி குனோமில் முரண்டு பிடிக்கிறது. கருவி எழுதுகிறவன் இரண்டிலும் சோதித்தே நொந்துபோகிறான்.