அமாவாசை விடுமுறை

அன்புள்ள ஐயா,

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். சங்கிலி பின்ன மிஷின் வந்தபிறகு ஒரு ஜோடிக்கு ஆகும் நேரம் பாதியாகிவிட்டது. ஆனால் முன்பு ஏழு மணிக்கு வீடு திரும்பியவர் இப்போது பத்து மணிக்கு வருகிறார். காலையில் வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பும் வியாபாரி, மாலையே ‘என்னாச்சு?’ என்கிறார். அமாவாசை விடுமுறைகூட நின்றுவிட்டது. காலத்தின் வேகம் ஓர் அரசியல் பிரச்சினை என்று எழுதியிருந்தீர்கள். இதெல்லாம் அவரவர் பழக்கம்தானே, அரசியல் எங்கே வந்தது?

ம., சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் கணக்கிலேயே தொடங்கலாம். ஜோடிக்கு நேரம் பாதி; ஆனால் ஆர்டர் மூன்று மடங்கானது என்று வைத்துக்கொண்டால் வேலை ஒன்றரை மடங்கு. ஜெர்மானியச் சமூகவியலாளர் ஹார்ட்முட் ரோசா 2005இல் எழுதிய நூலில் அவிழ்க்கப் பார்ப்பது இந்தப் புதிரைத்தான். கருவிகளின் வேகம், சமூக மாற்றத்தின் வேகம், அன்றாட வாழ்வின் வேகம் என மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஒன்று எப்படித் தள்ளிவிடுகிறது என்று காட்டுகிறார். பக்கத்துப் பட்டறையில் மிஷின் வந்தபிறகு, வேண்டாம் என்று உங்கள் அப்பாவால் சொல்லியிருக்க முடியுமா?

நம்மூரில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: சனிக்கிழமை ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நிதானத்தைத் தேடி ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுகிறோம். இந்த மாதிரி ஓய்வெல்லாம் திங்கட்கிழமை இன்னும் வேகமாக ஓடத்தான் என்கிறார் ரோசா.

சரி, அரசியல். அமெரிக்க அரசியல் கோட்பாட்டாளர் வில்லியம் ஷூயர்மன் 2004இல் ஒரு நூல் எழுதினார். சட்டம் இயற்றும் அவைக்குக் கூடிப் பேச, மறுக்க, திருத்த நேரம் வேண்டும். சந்தை வேகமெடுக்கும்போது, சட்டென்று முடிவெடுக்கும் நிர்வாகத்தின் கைக்கு அதிகாரம் நகர்ந்துவிடுகிறது என்பது அவர் வாதம். நமக்குச் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலையே போதும். 2018இல் வந்த திட்டம், 277 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நில எடுப்பு அறிவிப்புக்கு ஆட்சேபம் சொல்ல 21 நாள். ஆனால் அந்த நிலத்தில் நிற்கும் ஒரு நெட்டைத் தென்னை காய்க்கவே ஐந்தாறு வருஷம் ஆகும். கார்காரருக்கு எத்தனை மணி மிச்சம் என்பது திட்டத்தின் பெருமையாகப் பேசப்பட்டது. தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றிய வருஷங்கள் மரத்துக்கு இத்தனை ரூபாய் என்று இழப்பீட்டுப் பட்டியலுக்குள் போயின. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது.

ஆனால் மெதுவாக நடப்பதெல்லாம் ஜனநாயகம் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. ஒரு பட்டா மாறுதலுக்குப் பதினொரு மாதம் நடந்தவன் நான். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்ல முடிகிறவரின் நாற்காலியிலும் அதிகாரம்தான் உட்கார்ந்திருக்கிறது. அவசரப்படுத்துவதும் காத்திருக்க வைப்பதும் ஒரே கையால் நடக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, போகிற போக்கில் சொன்ன அந்த அமாவாசை. எல்லாப் பட்டறையும் ஒரே நாளில் மூடியவரை யாருக்கும் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. வியாபாரியும் அன்று கேட்க மாட்டார். இன்று அப்பா தனியாக மூடினால் நஷ்டம் அவருக்கு மட்டும். இதைப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? முதன்முதலில் அமாவாசையன்று திறந்த பட்டறை எது, அன்று மற்றவர்கள் கூடிப் பேசினார்களா, பேசாமலே மறுமாதம் அவர்களும் திறந்தார்களா? அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.