பூட்டிய வீட்டில் கேஸ் குறையுமா?

கேள்வி: புது சிலிண்டர் மாட்டி நாலு நாள்தான் சமைத்தேன். அப்புறம் மகள் வீட்டுக்கு மதுரை போய் 20 நாள் தங்கிவிட்டேன். வீடு பூட்டியே கிடந்தது. வந்த ஒரு வாரத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது. வாடையும் இல்லை. எப்படி?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடினீர்களா? காரைக்குடியில் முப்பது வருஷமாக அடுப்பு ரிப்பேர் பார்க்கிறேன். நான் முதலில் கேட்பது இதுதான். அடுப்புத் திருகை மட்டும் மூடினால் ரப்பர் குழாய்க்குள் கேஸ் நின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 20 கிராம் கசிந்தாலும் 20 நாளில் 9.6 கிலோ போய்விடும். சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ.

வாடை தெரியாததற்கு உங்கள் வீடே காரணமாக இருக்கலாம். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையோடு நகர்ந்து, மடை வழியாகவும் திறந்த வளவு (வீட்டின் உள்முற்றம்) வழியாகவும் வெளியேறிவிடும். அடைத்த வீடாக இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

புது சிலிண்டரை மாட்டி, சோப்புத் தண்ணீரைக் குழாயிலும் இணைப்புகளிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்க்கவே வேண்டாம். எலி கடித்த குழாயை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷமான குழாயை எப்படியும் மாற்றுங்கள்.

சிலிண்டரே எடை குறைவாக வந்திருக்கவும் கூடும். அடுத்த முறை கொண்டுவருபவரை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும்.

வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.