ஏரிக்கரையில மூணு ராத்திரி: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஒரே ஒரு பாரா தான் எழுதினேன். அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல எங்க பையன், மருமக, பேரப்புள்ளைங்களோட ஆர்வின்னு சொல்ற வண்டி வீட்ட வாடகைக்கு எடுத்துக்கினு இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்ல ஏரி ஓரமா மூணு ராத்திரி தங்கின கதை. அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கல. நம்ம வேலூர், ராணிப்பேட்ட, திருப்பத்தூர் பக்கம் தெருவுக்கு நாலு புள்ளைங்க வெளிநாட்ல இருக்காங்க, அவங்கள பாக்க போற அப்பா அம்மாங்க தான் ரொம்ப கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவ முழுசா இதுக்கே ஒதுக்கிட்டேன்.

பையன் ஆஸ்டின்ல இருக்கான். மார்ச் கடைசில நாங்க ரெண்டு பேரும் போறோம். ஆர்வி எடுத்து ஆறு நாள்ல அஞ்சு ஊரு சுத்தலாம்னு பிளான் போட்டு வச்சிருக்கான். எனக்கு முட்டி வலி, வீட்டுக்காரம்மா இன்சுலின் போட்டுக்கறாங்க. ஒத்து வருமா?
(ரிட்டயர்டு ரயில்வே ஊழியர், காட்பாடி)

அண்ணே, ஆர்வி ஒத்து வரும், ஆறு நாள்ல அஞ்சு ஊரு ஒத்தே வராது. பையன் கிட்ட இத நான் சொன்னதாவே சொல்லுங்க. ஒரே எடத்துல மூணு ராத்திரி போடச் சொல்லுங்க, போதும். ஏன்னா இது கார் மாதிரி இல்ல, எடம் மாத்தணும்னா கரண்டு ஒயர புடுங்கணும், தண்ணி பைப்ப கழட்டணும், அழுக்குத் தண்ணிய போய் கொட்டணும், பாத்திரம் பண்டமெல்லாம் உருளாம உள்ள வச்சி பூட்டணும், அப்புறம் புது எடத்துல போய் சக்கரத்துக்கு கீழ பலகை குடுத்து மட்டம் பாத்து திரும்ப எல்லாத்தையும் மாட்டணும், தினம் இதே வேலைன்னா பையனும் மருமகளும் அலுத்துப் போயி உங்க கூட உக்காந்து பேசக்கூட நேரம் இருக்காது. நீங்க போறதே அதுக்கு தானே.

வண்டி ஓடும்போது படுத்துக்கினு போலாம்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. கூடாது. எல்லாரும் சீட்ல உக்காந்து பெல்ட் போட்டுக்கணும், எழுந்து பாத்ரூம் போறது, டீ போடறது எல்லாம் வண்டி நின்னா தான். சுகர் இருக்கறவங்களுக்கு இது முக்கியம், ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தணும்னு முன்னாடியே பேசி வச்சிக்கோங்க. ஆஸ்டின்லேர்ந்து இங்க்ஸ் லேக்குக்கு ஏறக்குறைய அவ்ளோ நேரம் தான் ஆவும், அதனால தான் அந்த எடத்த சொல்றேன்.

வண்டில மூணு விதம். பஸ்சு மாதிரி பெருசா இருக்கறது கிளாஸ் ஏ, வேன் மாதிரி இருக்கறது கிளாஸ் பி, டிரைவர் தலைக்கு மேல ஒரு பரண் மாதிரி படுக்கை நீட்டிக்கினு இருக்கறது கிளாஸ் சி. உங்களுக்கு கிளாஸ் சி தான். பரண்ல புள்ளைங்க படுத்துக்கும், பின்னாடி கீழ இருக்கற கட்டில் உங்களுக்கு. டெக்ஸாஸ்ல 26,001 பவுண்டு எடைக்கு கம்மியான வண்டிக்கு சாதா கார் லைசென்சே போதும், பையனே ஓட்டலாம். ஏறுற படி ஒசரமா இருக்கும், கைப்பிடி வச்ச ஒரு ஸ்டூல் வாங்கி வைக்கச் சொல்லுங்க, ராத்திரி பாத்ரூம் போற வழில ஒரு சின்ன லைட்டும் எரியட்டும்.

இன்சுலின் விஷயம். ஆர்வில நெறைய ஃப்ரிட்ஜ் கேஸ்லயும் ஓடும், கரண்ட்லயும் ஓடும். அதுக்குள்ள அம்மோனியா கலந்த தண்ணி தானா கீழ எறங்கி சுத்தி வந்தா தான் குளிரும், வண்டி சாஞ்சி நின்னா அது ஒரு எடத்துல தேங்கிடும், ஃப்ரிட்ஜ் குளிராது. மட்டம் பாக்கறது தூங்கறதுக்கு மட்டும் இல்ல, மருந்துக்கும் தான். உள்ள ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டு 2லேர்ந்து 8 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கான்னு காலைல சாயந்திரம் பாத்துக்கோங்க.

மார்ச் கடைசி நல்ல நேரம் அண்ணே. ரோட்டோரம் பூரா புளூபானெட்னு நீலப் பூ பூத்திருக்கும். ஜூலைல போனா நம்ம வேலூர் வெயில விட்டு அங்க போயும் அதே வெயில் தான். இன்னொண்ணு, அந்த ஏரிய சுத்தி இருக்கற பாறைய பாத்ததும் எனக்கு நம்ம ஊரு ஞாபகம் தான் வந்துச்சு. ரோஸ் கலர்ல மொட்டை மொட்டையா, 120 கோடி வருஷம் பழசாம். மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறுன்னு நம்ம ஊர சொல்லுவாங்களே, அங்க மலை அதே மாதிரி நிக்குது, ஆனா காலடில தண்ணி நெறைஞ்சி கெடக்குது. கொலராடோ ஆத்துல வரிசையா ஆறு அணை கட்டி ஆறு ஏரி ஆக்கியிருக்காங்க, இது அதுல ரெண்டாவது. தண்ணி மட்டம் வருஷம் பூரா பெருசா மாறாதாம். பாலாத்த பாத்து வளந்த எனக்கு அத பாத்துக்கினே உக்காந்திருக்கணும் போல இருந்துச்சு.

மிக்சி எடுத்துக்கினு போலாமா? இட்லி இல்லாம எங்க வீட்டுக்காரரால இருக்க முடியாது.
(இல்லத்தரசி, குடியாத்தம்)

நம்ம ஊரு மிக்சி வேண்டாம் தங்கச்சி. இங்க 230 வோல்ட், அங்க 120 வோல்ட், நம்ம மிக்சி அங்க மொனகும், அரைக்காது. அங்க இருக்கற இந்தியன் கடைல அந்த ஊரு கரண்டுக்கு தகுந்த மிக்சி கெடைக்கும், புள்ளைங்க வீட்ல அநேகமா இருக்கும். ஆனா நான் அதையும் எடுத்துக்கினு போகல. மாவ வீட்லயே அரைச்சி புளிக்க வச்சி டப்பால போட்டு ஐஸ் பெட்டில வச்சிட்டோம், டப்பா பாதி தான் நெரப்பணும், இல்லன்னா பொங்கி பெட்டி பூரா மாவாயிடும். சட்னிக்கு பதிலா இட்லிப் பொடி, பருப்புப் பொடி, அப்புறம் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். குக்கர் தாராளமா எடுத்துக்கலாம், உள்ள கேஸ் அடுப்பு இருக்கும்.

கரண்டு கணக்கு ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க. பார்க்ல வண்டிக்கு மாட்டற கரண்டு 30 ஆம்ப் பாயிண்டுன்னா மொத்தமே 3600 வாட்ஸ் தான். மேல ஓடுற ஏசியே 1500 வாட்ஸ் கிட்ட இழுக்கும், அதோட கெட்டிலும் மைக்ரோவேவும் ஒண்ணா போட்டா டிரிப் ஆயிடும். ஒண்ணு முடிஞ்சி ஒண்ணு போடுங்க.

தாளிக்கறது மட்டும் உள்ள வேண்டவே வேண்டாம். சின்ன எடம், காஞ்ச மொளகா போட்ட உடனே ஸ்மோக் அலாரம் கத்த ஆரம்பிச்சிடும், நெடியும் மெத்தைல ஏறிக்கும். ஒவ்வொரு எடத்துலயும் வெளிய ஒரு மேசையும் பெஞ்சும் போட்டிருப்பாங்க, அங்க ஒரு சின்ன கேஸ் ஸ்டவ் வச்சி தாளிங்க. சோறு, கருவேப்பில, தோலு எதுவும் கீழ போடாதீங்க, ராத்திரி ரக்கூன்னு ஒரு மிருகம் வந்து கூளத்த கிளறும்.

சொல்லவே கூச்சமா இருக்கு. வண்டிக்குள்ள டாய்லெட்னா அதெல்லாம் எங்க போவும்? நாம தண்ணி ஊத்திக்கற ஆளுங்க, அது சரிப்படுமா?
(ஆம்பூர் வாசகி)

இதுல கூச்சப்பட ஒண்ணியும் இல்லம்மா, எல்லாரும் மனசுக்குள்ள வச்சிக்கினு கேக்காம விட்ட கேள்வி இது தான்.

வண்டிக்கு அடில மூணு தொட்டி. ஒண்ணு நல்ல தண்ணி. ரெண்டாவது கிரே டேங்க், அதுல குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி போவும். மூணாவது பிளாக் டேங்க், அது டாய்லெட்டுக்கு மட்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், ஒவ்வொரு தொட்டியும் 100லேர்ந்து 150 லிட்டர்னு மனசுல வச்சிக்கோங்க. அஞ்சு பேர் நம்ம வீட்ல குளிக்கற மாதிரி குளிச்சா கிரே டேங்க் ஒரே நாள்ல ரொம்பிடும். அதனால பார்க்குல இருக்கற பொது குளியலறைல போய் குளிச்சிட்டு வந்துடுங்க, சுத்தமா தான் இருக்கும், வெந்நீரும் வரும்.

தண்ணி ஊத்திக்கறது தாராளமா சரிப்படும். பிளாக் டேங்குக்கு தண்ணி கம்மியா போனா தான் ஆபத்து. ஆரம்பத்துலயே கொஞ்சம் தண்ணியும் அதுக்குன்னு விக்கற மருந்தும் ஊத்தி வைக்கணும், வால்வ மூடியே வச்சிருக்கணும். தெறந்து வச்சா தண்ணி மட்டும் ஓடிப் போயி கெட்டியானது அடில கோபுரமா நின்னுடும், அப்புறம் எடுக்கறது நரகம். பேப்பர் யூஸ் பண்றவங்க ஆர்விக்குன்னு விக்கற சீக்கிரம் கரையற பேப்பர் தான் போடணும், குழந்தைங்களுக்கு தொடைக்கற ஈர வைப்ஸ் போடவே கூடாது.

நெறைய ஸ்டேட் பார்க்ல உங்க எடத்துல கரண்டும் தண்ணியும் மட்டும் தான் இருக்கும், சாக்கடை கனெக்‌ஷன் இருக்காது. டம்ப் ஸ்டேஷன்னு தனியா ஒரு எடம் வச்சிருப்பாங்க, ஊருக்கு கெளம்பும்போது அங்க நிறுத்தி கொட்டணும். கையுறை போட்டுக்கினு மொதல்ல பிளாக்க தெறக்கணும், அது காலியான பெறகு கிரே. அப்ப தான் சோப்புத் தண்ணி வந்து அதே பைப்ப கழுவிக் குடுக்கும். எங்களுக்கு வண்டி வாடகைக்கு குடுத்தவங்க அந்த பைப்புக்கு வாஷர் இல்லாமயே குடுத்துட்டாங்க, கொட்ற நேரத்துல தான் ஒழுகுறது தெரிஞ்சுது, பையன் ஓடிப் போய் பக்கத்து வண்டிக்காரர் கிட்ட வாங்கி மாட்டினான். வண்டிய கைல வாங்கும்போதே பைப்ப மாட்டி காட்டச் சொல்லுங்க.

ஒருத்தர் எழுதியிருந்தாங்க, கிரே டேங்க் சோப்புத் தண்ணி தானே, ராத்திரில அப்படியே புல்லுல தெறந்து விட்டா யாருக்கு தெரியப் போவுதுன்னு. எனக்கு அத படிச்சதும் மனசு ஆறல. ஆம்பூர்ல இருக்கற உங்களுக்கு நான் சொல்லணுமா? தோல் ஷாப்பு தண்ணி கொஞ்சம் கொஞ்சமா தான் பாலாத்துல எறங்குச்சு. கெணத்துத் தண்ணி உப்பு கரிச்சி, தென்ன மரம் காஞ்சி, வேலூர் மக்கள் நலன் மன்றம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996ல தீர்ப்பு வாங்கினாங்க. கெடுத்தவங்க தான் சரி பண்ணக் காசு குடுக்கணும், கெடுறதுக்கு முன்னாடியே தடுக்கணும்னு அந்த தீர்ப்புல சொன்னத இன்னிக்கும் இந்தியா பூரா கோர்ட்ல எடுத்துக் காட்டறாங்க. நம்ம ஊரு பேர்ல இருக்கற வழக்கு அது. அந்த ஊர்லேர்ந்து போறவங்க இன்னொரு ஊரு ஏரில ஒரு சொட்டு அழுக்குத் தண்ணி விடக்கூடாதும்மா. எண்ணெ பாத்திரத்த கழுவறதுக்கு முன்னாடி பேப்பர்ல தொடைச்சிடுங்க, அது கூட பெரிய உதவி.

நான் டல்லாஸ்ல வேலை பாக்கறேன், ஊரு ஆரணி. அப்பா அம்மா வராங்க. எடம் எப்ப புக் பண்ணணும், எந்த சைட் (வண்டி நிறுத்தி தங்கற எடம்) எடுக்கணும்?
(ஐடி ஊழியர்)

தம்பி, டெக்ஸாஸ் ஸ்டேட் பார்க்ல அஞ்சு மாசம் முன்னாடியே புக்கிங் தெறந்துடும், வசந்த காலத்து சனி ஞாயிறெல்லாம் சீக்கிரம் போயிடும். அப்பா அம்மாக்கு டிக்கெட் போட்ட அன்னைக்கே எடத்தையும் போட்டுடு. ஞாயிறுலேர்ந்து புதன் வரைக்கும் போட்டா ஏரி ஓர சைட் கெடைக்க வாய்ப்பு ஜாஸ்தி, கூட்டமும் இருக்காது. ஒரு சைட்டுக்கு 8 பேர் தான், மாமா சித்தப்பானு சேத்துக்கினு போனா ரெண்டு சைட் எடு. வண்டி எத்தன அடி நீளம்னு பாத்து அதுக்கு பத்தற சைட்டா, அம்மாக்கு ராத்திரில நடக்க பயம்னா ரெஸ்ட்ரூம் பக்கமா இருக்கறதா மேப்ல பாத்து எடு. வண்டியோட ஒசரத்த ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிக்கோ, பெட்ரோல் பங்க் கூரைலயும் தாழ்வான மரக்கிளைலயும் தான் எல்லாரும் இடிக்கறாங்க.

மீன் புடிக்கலாமா? வெறகு தம்பி வீட்லேர்ந்தே ஏத்திக்கினு போலாமா? மச்சான் பீர் குடிக்கலாமான்னு கேக்கறான்.
(ராணிப்பேட்டை வாசகர், தம்பி குடும்பம் டெக்ஸாஸில்)

மீன் புடிக்கலாம் தம்பி, பார்க்குக்குள்ள கரைலேர்ந்து புடிச்சா லைசென்ஸே வேண்டாம், எத்தன புடிக்கலாம்ங்கற கணக்கு மட்டும் உண்டு. வெறகு அந்த ஊர்லயே வாங்கிக்கோங்க, தூரத்துலேர்ந்து கொண்டு போனா கட்டைக்குள்ள இருக்கற பூச்சி புது காட்டுல பரவி மரத்தையே கொன்னுடும். வறட்சில நெருப்புக்கு தடை போட்டிருந்தா வெறகே பத்த வைக்கக் கூடாது. பொது எடத்துல குடிக்கறது டெக்ஸாஸ் ஸ்டேட் பார்க்ல தடை, மச்சான் கிட்ட சொல்லிடுங்க. ராத்திரி 10 மணிக்கு மேல சத்தமும் கூடாது.

நாங்க அமெரிக்காலாம் போக முடியாது அக்கா. நம்ம பக்கத்துல இந்த மாதிரி எதாவது இருக்கா?
(9ஆம் வகுப்பு மாணவி, சத்துவாச்சாரி)

இருக்குது கண்ணு. ஏலகிரிக்கு போங்க. 14 கொண்டை ஊசி வளைவு, புலவருங்க, வள்ளலுங்க பேர் போட்டிருப்பாங்க, அப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லி ஒவ்வொண்ணா படிச்சிக்கினே ஏறு. மேல புங்கனூர் ஏரில படகு விடலாம். வண்டி வீடு இல்லன்னா என்ன, ஒரு ராத்திரி ரூம் போட்டு தங்கிட்டு, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏரிய ஒரு சுத்து நடந்து வாங்க. அங்கேர்ந்து காவலூர் கிட்ட தான், ஜவ்வாது மலைல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986ல தெறந்தது. பொது மக்கள பாக்க விடற நாள் எதுன்னு அப்பாவ முன்னாடியே விசாரிக்கச் சொல்லு. அமாவாசை ஒட்டி போனா வெறும் கண்ணுக்கே நட்சத்திரம் கொட்டிக் கெடக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கோ, மலைல ராத்திரி குளிரும். டார்ச்ச அணைச்சிட்டு ஒரு இருவது நிமிஷம் சும்மா நில்லு, கண்ணு இருட்டுக்கு பழகினதும் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்கும்.