டி-ஷர்ட்டைக் கார்னேயில் எழுதாதீர்கள்

சிங்கப்பூர் கச்சேரிக்குக் கொண்டுபோகும் 120 டி-ஷர்ட்டையும் கிதார், ஆம்ப்போடு சேர்த்து ஏடிஏ கார்னேயில் (பொருளைத் தற்காலிகமாக வரி கட்டாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம்) எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஃபிக்கி (இந்திய வர்த்தக, தொழில் சபைகளின் கூட்டமைப்பு) தரும் அந்தக் கார்னே, கொண்டுபோன பொருள் அப்படியே திரும்பி வரும் என்ற உறுதிக்குத்தான். விற்கிற சரக்குக்கு அதில் இடமில்லை.

டி-ஷர்ட்டுக்குத் தனி இன்வாய்ஸ் போடுங்கள்: என்ன துணி, எங்கே தைத்தது, எத்தனை, ஒன்றின் விலை என்ன. சிங்கப்பூரில் துணிமணிக்குச் சுங்கவரி கிடையாது. ஜிஎஸ்டி மட்டும் 9%. பயணிகளுக்கான வரிச்சலுகை விற்பனைச் சரக்குக்குச் செல்லாது. ஆளுக்குப் பத்தாகப் பிரித்து 'சொந்த உடுப்பு' என்று சொல்லச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள், கேட்காதீர்கள். கவர்கூடப் பிரிக்காத ஒரே படம் போட்ட சட்டைகளை எந்த அதிகாரி நம்புவார்? இறக்குமதி பெர்மிட் வேலையை அங்குள்ள சரக்கு ஏஜெண்டிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அப்புறம், விற்பனையில் அரங்கத்துக்குப் பங்கு உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள்.