கேள்வி-பதில்: கைவிடப்பட்ட கார்டுக் கடனும் கதவைத் தட்டும் முகவர்களும்

கேள்வி: 2021-இல் வேலை போனதால் கிரெடிட் கார்டு நிலுவை 84,000 ரூபாயைக் கட்ட இயலவில்லை. அண்மையில் என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்தபோது அந்தக் கணக்கின் எதிரே ‘ரிட்டன் ஆஃப்’ (நட்டமாக எழுதப்பட்டது) என்று இருந்தது. வங்கியே தள்ளுபடி செய்துவிட்டது, இனிக் கட்ட வேண்டாம் என்கிறார் என் மைத்துனர். வசூல் முகவரோ விடாமல் அழைக்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, மதுரை

பதில்: முகவர் சொல்வதுதான் சரி. இந்தப் பகுதியில் அவர்கள் பக்கம் நான் நிற்கப்போவது இந்த ஓரிடத்தில் மட்டுமே. கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை கெடு தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் வரவில்லை என்றால் கார்டுக் கணக்கு வாராக்கடனாகிவிடும். பிறகு ஒரு கட்டத்தில் வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தப்படுத்துவதற்காக அத்தொகையை நட்டமாக எழுதிக்கொள்கிறது. அது வங்கிக்கும் அதன் தணிக்கையாளருக்கும் இடையிலான விவகாரம். இவ்வாறு எழுதிக்கொள்வதால் கடனாளியின் மீதான உரிமை எதையும் வங்கி விட்டுக்கொடுத்ததாகாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையும் தெளிவாகக் கூறுகிறது. வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு வங்கி அக்கடனை விற்றிருக்கவும் கூடும். எனவே இப்போது இந்தக் கடன் யார் கையில் இருக்கிறது, விற்கப்பட்டிருந்தால் அதற்கான உரிமை மாற்றக் கடிதம் எங்கே, என்பதை முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு பற்றிக் கீழே கோவை வாசகருக்குச் சொல்லியிருப்பது உங்களுக்கும் பொருந்தக்கூடும்.

கேள்வி: 1,40,000 ரூபாய்க்குக் கார்டில் கைபேசி வாங்கினேன். இரண்டு மாதமாகக் கட்டவில்லை. சிம்மை மாற்றிவிட்டால் தொல்லை தீருமா? – வாசகர், சென்னை

பதில்: சிம்மை மாற்றலாம், கடன் பதிவாகியிருக்கும் பான் எண்ணை மாற்ற முடியாது. கைபேசியை விற்றுக் கடனைக் கட்டுங்கள்.

கேள்வி: தொழில் நொடித்ததால் நான்கு மாதத் தவணை தவறியது. காலை ஆறரை மணிக்குத் தொடங்கும் அழைப்புகள் இரவு பத்து வரை வருகின்றன. என் அலுவலகத்துக்குப் பேசினார்கள். இப்போது திருமணமாகிச் சென்ற என் தங்கையின் மாமியாரிடம் “உங்கள் மருமகளின் அண்ணன் மோசடிக்காரன்” என்று சொல்லியிருக்கிறார்கள். தற்கொலை எண்ணமே வந்துவிட்டது. – வாசகர், ஈரோடு

பதில்: ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். இது பணக் கணக்கு, பணத்தால் தீரக்கூடியது. அந்த எண்ணம் மீண்டும் வந்தால் தமிழ்நாடு அரசின் 104 எண்ணையோ, மத்திய அரசின் டெலிமானஸ் எண்ணான 14416-ஐயோ அந்த நிமிடமே அழையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த முகவரைப் பற்றி. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டவர்கள் ஆகியோரைத் தொல்லைப்படுத்தவோ, பொதுவில் அவமானப்படுத்தவோ, மிரட்டவோ, பொய் சொல்லவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில் வெளிப்படையாகத் தடை விதித்திருக்கிறது. முகவர் செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு. “அது ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது” என்று கிளை மேலாளர் கைவிரித்தால், அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கடன் வசூலுக்கு அடியாட்களைப் பயன்படுத்துவதை 2007-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வங்கியின் வழக்கில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

அழைப்புப் பட்டியலைத் திரைப்பதிவாக எடுத்துவைத்து, உரையாடல்களைப் பதிவு செய்து, உங்கள் தங்கையின் மாமியாரிடம் பேசியது எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், என்ன சொற்களில் என்பதை அவரிடமே கேட்டு எழுதி, அனைத்தையும் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். முகவரை நியமித்தவுடன் அவர் விவரத்தைக் கார்டு வழங்கிய நிறுவனம் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்ததா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரத்துக்கு 14448 என்ற எண் இருக்கிறது. மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடன்பட்டிருப்பதால் புகார் செய்யும் தகுதி உங்களுக்கு இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் வங்கிக்கு எழுதும் கடிதத்தில், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பின்னாளில் அது உங்களுக்குத்தான் உதவும்.

கேள்வி: 1,30,000 ரூபாய் நிலுவையை 45,000-இல் முடித்துத் தருவதாக முகவர் போனில் சொன்னார். மாதக் கடைசி, இன்று இரவோடு சலுகை முடிகிறது என்று அவசரப்படுத்தியதால் அவர் கொடுத்த யுபிஐ எண்ணுக்கே அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து வேறொரு முகவர் முழுத் தொகையையும் கேட்கிறார். வங்கியில் என் பணம் வரவே இல்லையாம். – வாசகர், சேலம்

பதில்: ஏறக்குறைய இதே கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. ஊரும் தொகையும் மட்டும்தான் மாறுகின்றன. உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. மாதக் கடைசி, இன்றோடு கடைசி, மேலதிகாரியிடம் போராடி வாங்கியிருக்கிறேன் என்றெல்லாம் பேசிச் சிந்திக்க இடம் கொடுக்காமல் பணத்தைக் கறக்கத் தெரிந்தவரிடம் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். நாற்பது ரூபாய்ச் சட்டைத் துணிக்கு ரசீது கேட்கும் நாம், நாற்பதாயிரம் ரூபாய்க் கடன் தீர்ப்பை ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். அதை இன்று சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

செட்டில்மென்ட், அதாவது நிலுவையைக் குறைத்து முடித்துக்கொள்வது, வங்கி செய்யும் ஒப்பந்தம். தொகையைக் குறைக்கும் அதிகாரம் முகவருக்குக் கிடையாது. வங்கியின் கடிதத்தாளிலோ அதன் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ ஒரு கடிதம் வர வேண்டும். அதில் உங்கள் பெயர், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, அத்தொகை வந்தவுடன் வேறு எந்தப் பாக்கியும் இருக்காது என்ற உறுதி, அதைச் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்போம் என்ற உறுதி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கடிதத்தின் படத்தை நம்பாமல், கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை நீங்களே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கார்டுக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்துங்கள். தனிநபர் எண்ணுக்கோ கையில் ரொக்கமாகவோ ஒருபோதும் கூடாது. இன்னொரு கண்ணியும் உண்டு. கடிதம் இல்லாமல் 45,000 ரூபாயைக் கார்டுக் கணக்கிலேயே கட்டியிருந்தாலும், வங்கி அதை நிலுவையின் ஒரு பகுதியாக வரவு வைத்துக்கொண்டு மீதி 85,000-ஐக் கேட்கும். உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. தவணைகளில் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டு ஒரு தவணையைத் தவறவிட்டால் சலுகையே ரத்தாகலாம் என்பதையும் அக்கடிதத்தின் சிறிய எழுத்துகளில் தேடிப் படியுங்கள். எல்லாம் முடிந்ததும் நிலுவையின்மைச் சான்றிதழ் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு முகவர் பழைய பட்டியலைத் தூக்கிக்கொண்டு வரும்போது அந்த ஒற்றைத் தாள்தான் பேசும்.

உங்களைப் பொறுத்தவரை, 1930 என்ற எண்ணில் இணைய மோசடிப் புகாரை இன்றே பதிவு செய்யுங்கள். அந்த முகவர் உண்மையிலேயே வங்கியால் நியமிக்கப்பட்டவர் என்றால், அவர் வாங்கிய பணத்துக்கு வங்கி பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள். யுபிஐ பரிமாற்ற எண்ணும் அழைப்புப் பதிவும் உங்கள் ஆதாரங்கள்.

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய கார்டு பாக்கியை மகன் என்ற முறையில் நான்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். – வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அப்பா விட்டுச்சென்ற சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் மதிப்பு வரை மட்டுமே பொறுப்பு. இறப்புச் சான்றிதழின் நகலை வங்கிக்கு அனுப்பி, கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அப்பாவின் கார்டுடன் காப்பீடு ஏதும் இணைந்திருந்ததா என்றும் கேளுங்கள். “அப்பாவின் ஆத்மா சாந்தியடைய” என்று பேசும் முகவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

கேள்வி: கடைசியாகப் பணம் கட்டி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வழக்கு எதுவும் இல்லை. இப்போது ஒருவர், “500 ரூபாய் மட்டும் கட்டி, ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள், நல்லெண்ணத்துக்காக” என்கிறார். – வாசகர், கோவை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். இத்தகைய கடனுக்குக் காலவரம்புச் சட்டப்படி மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்கு எழுத்துப் பதிவு இருந்தாலோ, மூன்று ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். காலம் கடந்த பிறகும்கூட, “இக்கடனைக் கட்டுகிறேன்” என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குறுதி இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி செல்லத்தக்கது. அவர் கேட்கும் நல்லெண்ணத்தின் விலை அதுதான். அதே நேரத்தில், வழக்குத் தொடர முடியாது என்பதால் கடன் மறைந்துவிடுவதில்லை. சிபில் அறிக்கையில் அது உறுத்திக்கொண்டே இருக்கலாம். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், முறையான கடிதம் பெற்று முடித்துக்கொள்வது நல்லது. ஒரு வழக்கறிஞரிடம் பழைய ஸ்டேட்மென்ட்களைக் காட்டிக் கடைசிப் பணம் கட்டிய தேதியை உறுதி செய்த பிறகே எந்த முடிவையும் எடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ‘கைது வாரண்ட்’ வந்திருக்கிறது. – வாசகி, வேலூர்

பதில்: நீதிமன்றம் வாரண்டை வசூல் முகவரின் எண்ணிலிருந்து அனுப்பாது. கார்டு பாக்கியைக் கட்ட இயலாமல் போவது உரிமையியல் விவகாரம், குற்றமல்ல. காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் கதை வேறு. உண்மையான நீதிமன்ற அழைப்பாணையோ மக்கள் நீதிமன்ற அறிவிப்போ வந்தால் தவறாமல் ஆஜராகுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒப்பினால்தான் தீர்வு. ஒப்பிய பிறகு அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் தலையசையுங்கள்.

கேள்வி: கடைவீதியில் இலவசம் என்று திணித்த கார்டு. ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், இப்போது 6,200 ஆகிவிட்டதாம். – வாசகி, திருநெல்வேலி

பதில்: ‘வாழ்நாள் இலவசம்’ என்ற கார்டோடு எனக்கும் ஒரு பயணப் பை கொடுத்தார்கள். பையின் சக்கரம் முதல் பயணத்திலேயே கழன்றது. ஆண்டுக் கட்டணம் மட்டும் கழலாமல் ஓடியது. நீங்கள் கேட்காமல் வந்த கார்டு என்றால், வசூலித்த கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல் இரு மடங்கு தண்டத்தொகையும் தர வேண்டும் என்பது 2022-இன் ரிசர்வ் வங்கி விதி. வழங்கிய 30 நாட்களுக்குள் செயல்படுத்தாத கார்டுக்கு ஓடிபி மூலம் ஒப்புதல் பெற வேண்டும். கிடைக்காவிட்டால் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும். இவ்விதிகளைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். 6,200-ஐக் கட்டாதீர்கள்.

கேள்வி: மாதாமாதம் மினிமம் டியூ (குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டினேன். ஆனாலும் கடன் குறையவே இல்லை. ஒரு கட்டத்தில் அதையும் நிறுத்திவிட்டேன். இது அநியாயமில்லையா? – வாசகர், கரூர்

பதில்: அநியாயம்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் அச்சிட்டுவிட்டுச் செய்யும் அநியாயம். மாதம் 3.75 சதவீத வட்டி என்பது ஆண்டுக்கு 45 சதவீதம். வட்டி மீதும் கட்டணங்கள் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஒன்றும் கட்டாமல் விட்டால் இரண்டு ஆண்டுக்குள்ளேயே தொகை இரட்டிப்பாகும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே அந்தப் பக்கம் நம்பிக்கை வைக்க வேண்டாம். என் வீட்டுப் பரணில் ஒரு வேக்குவம் கிளீனர் கிடக்கிறது. அதன் விலையைவிட அதற்குக் கட்டிய வட்டிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அசல், வட்டி, தாமதக் கட்டணம், வரி என்று பிரித்த கணக்கை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது; போட்டிருந்தால், பேச்சுவார்த்தையை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: பாதித் தொகையில் செட்டில் செய்துவிட்டேன். எப்போது அடுத்த கார்டு கிடைக்கும்? – வாசகர், சென்னை

பதில்: அவசரம் புரிகிறது; நியாயம் புரியவில்லை. உங்கள் சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) என்று இல்லாமல் ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று பதிவாகும். அடுத்துக் கடன் தருபவர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். சமரசம் செய்துகொண்ட வங்கியே குறைந்தது 12 மாதங்களுக்கு உங்களுக்குப் புதுக் கடன் தரக் கூடாது. இயன்றால் விடுபட்ட மீதியையும் கட்டி, பதிவை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்தால் 30 நாட்களில் திருத்த வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குக் கிடைக்கும்.