சீரியல் மாறிடுச்சா, நாம மாறிட்டோமா?

கேள்வி: 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்', 'ஈஸ்ட்எண்டர்ஸ்'ங்கிற பிரிட்டிஷ் டிவி சீரியல் ரெண்டையும் வருஷக்கணக்கா விடாம பாக்குறேன், இப்பல்லாம் எப்ப பாரு கொலை, கடத்தல்னே போகுது. எனக்கு வயசானதால அப்படித் தோணுதா?
– வாசகி, லண்டன்

பதில்: இல்லம்மா, உங்க கண்ணுல குறையில்ல. 1960ல ஆரம்பிச்ச கொரோனேஷன் ஸ்ட்ரீட் 1989 வரைக்கும் வாரம் ரெண்டே எபிசோடுதான், 2017ல அது ஆறாச்சு, அவ்ளோ கதைக்கு எழுதுறவங்க எங்க போவாங்க, அதான் ஒரே தெருவுல இத்தனை கொலைகாரங்க! முன்னாடி அதுல வர்ற எனா ஷார்ப்பிள்ஸ்ங்கிற பாட்டி பப் மூலையில தோழிங்களோட உக்காந்து ஊர்வம்பு பேசுறதே ஒரு எபிசோடைத் தாங்குச்சு. 1986 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஈஸ்ட்எண்டர்ஸ்ல டென்ங்கிற ஆளு தன் பொண்டாட்டி ஆஞ்சி கையில விவாகரத்து பேப்பரைக் குடுத்தான், அவ்ளோதான், கொலையுமில்ல குண்டுமில்ல, மறுஒளிபரப்பையும் சேர்த்து 3 கோடிப் பேர் பாத்தாங்க. அப்போ பிரிட்டன்ல மொத்தமே நாலு சேனல்ங்கிறதும் ஒரு காரணம்தான்.

ஆனா பழசு மட்டும்தான் தங்கம்னு நான் சொல்லமாட்டேன், பின்னாடி வந்ததுலயும் நல்லது இருக்கு. 2008ல ஈஸ்ட்எண்டர்ஸ்ல டாட்ங்கிற பாட்டி வேஷத்துல நடிகை ஜூன் பிரவுன் ஒருத்தரே தனியா, நோயில கிடக்கிற புருஷனுக்காக டேப்ல பேசிக்கிட்டே மொத்த எபிசோடையும் நடிச்சாங்களே, அதை எப்ப நெனச்சாலும் எனக்கு தொண்டை அடைக்கும். நீங்க பாக்கலைன்னா அவசியம் தேடிப் பாருங்கம்மா.